பதினாறு பல்

ஏழாம் வகுப்பு படித்தபோது எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. மழை எப்போது வரும், எந்த மாடு எவ்வளவு கறக்கும், பெரியம்மா வீட்டுச் சண்டையில் தப்பு யார் மேல் என்றெல்லாம் கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். உண்மையில் எனக்கு வந்தது கணக்கு ஒன்றுதான். அதில் வகுப்பிலேயே முதல் ஆள் என்பதால் மற்ற எல்லாவற்றையும் அதை வைத்தே சமாளித்துவந்தேன். அம்மா என்னை வாயாடி என்பாள். அப்பா, நான் பேச ஆரம்பித்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவார். உட்கார்ந்து கடைசிவரை கேட்கிற ஒரே ஆள் மாமாதான்.

மாமா அம்மாவின் தம்பி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெங்களூர் ரோட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் வேலை கிடைத்து, வடக்குப்பட்டில் எங்கள் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். தினக்கூலி வேலைதான். ஆனாலும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் அவர். ஃபர்ஸ்ட் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. எங்கள் ஊர் வழியாகப் போகிற முதல் பஸ் ஆறரைக்கு. நடுவில் இருந்த அந்த அரை மணி நேரம் மாமாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

வழியில் லாரி கிடைத்தால் நேரத்துக்குப் போவார். கிடைக்காமல் இரண்டு நாள் லேட்டாகிவிட்டது. "இன்னொரு தபா லேட்டா வந்தா உள்ளயே வராத, கேட்டாண்டயே திரும்பிப் பூடு" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம் மாமா முதல்நாள் கடைசி பஸ்ஸிலேயே கிளம்பிப்போய், கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். மார்கழிப் பனி. ஒரு மாதத்தில் ஆள் இருமலும் சளியுமாகப் பாதியாகிவிட்டார். வீட்டில் சைக்கிள் இல்லாமல் இல்லை. அது அப்பாவுடையது. அதே விடிகாலை நேரத்தில் அப்பா அதில் பால் கேனைக் கட்டிக்கொண்டு ஒரகடம் சொசைட்டிக்குப் போகவேண்டும். மாமாவுக்கென்று ஒரு சைக்கிள் இருந்தால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் போய்விடும். எனக்கே புரிகிற அளவுக்கு அது தெளிவான விஷயம்.

தொண்ணூற்றொன்றாம் வருடப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு நோட்டீஸ் வந்தது. காணும் பொங்கலன்று வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரகடம் கூட்டுரோடு வரை சைக்கிள் ரேஸ். வருடா வருடம் நடப்பதுதான். முதல் பரிசு எவர்சில்வர் குடமாக இருக்கும். அந்த வருடம் ஒரு ரைஸ் மில்காரர் புது சைக்கிளே கொடுப்பதாக ஏற்றுக்கொண்டிருந்தார். நோட்டீஸை மாமா மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாப்பிடும்போது இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார்.

ஜெயிப்பது லேசான காரியமில்லை. வாலாஜாபாத்தில் ஒரு மீன்காரர் இருந்தார். ஐஸ் பெட்டியோடு மீனைக் கட்டிக்கொண்டு தினமும் ஊர் ஊராக மிதிப்பவர். மூன்று வருடமாக அவரைத் தவிர யாரும் குடம் வாங்கியதில்லை. ஆனால் மாமாவிடம் ஒரு யோசனை இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு வாரம் கீழே இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிற ஆள் ஒருவர் வந்து டேரா போட்டிருந்தார். அவர் சைக்கிள் பின்பக்கமாகக்கூட ஓடும். அந்தச் சூட்சுமத்தை மாமா கேட்டுத் தெரிந்துகொண்டார். நம் சைக்கிள்களில் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கிறது, மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் பாட்டுக்கு ஓடும். அவர் சைக்கிளில் அதற்குப் பதில் ஃபிக்ஸ் வீல். பல்சக்கரம் பின்சக்கரத்தோடு இறுகியிருக்கும். சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், கால் நிற்கவே முடியாது.

"ப்ரீவீல் இருந்தா மனுசன் நடுநடுவுல காலை ஆறப் போடுவான் பாப்பா. மீன்காரரும் அத்தத்தான் பண்றாரு, நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார் மாமா. "ஃபிக்ஸ் வீல்ல ஆறப் போட முடியாது. போவணும்னு இருந்தா போய்க்கினேதான் இருக்கணும்."

எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. அப்பாவின் சைக்கிளைக் கேட்டு வாங்கியது அம்மா. அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பொங்கல் தாண்டின ஞாயித்துக்கெழம என் வண்டி எப்டி இருந்துச்சோ அப்டி வந்து நிக்கணும் மச்சான்." அதுவரை பால் கேனைப் பக்கத்து வீட்டு வண்டியில் அனுப்பிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

சாமான் வாங்க வாலாஜாபாத் போனபோது நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கணக்குத் தெரிந்த ஆள் ஒருவர் கூட இல்லாமல் மாமாவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் கடை. முன்பக்கம் டயர்கள் தொங்கும், உள்ளே சுவர் முழுக்க பிஸ்கட் டின்கள். எந்த டின்னில் என்ன இருக்கிறது என்பது பாய்க்கு மட்டும்தான் தெரியும். ஃபிக்ஸ் வீல் என்றதும் அவர் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு டின்னை இறக்கினார். மைதானங்களில் இறங்காமல் சைக்கிள் சுற்றுகிறவர்கள் அவரிடம்தான் வாங்குவார்களாம். கடை வாசலில் நான் ஒரு கோணிப்பையை விரித்தேன். அதன்மேல் ஒவ்வொரு சாமானாக வந்து உட்கார்ந்தது.

செயினைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "பழசு நீண்டுக்கினு கீது, புதுசு போட்டுக்கோ" என்றார் பாய். புதுசு எடுத்தோம். பெடலைச் சுற்றிவிட்டேன், வலதுபக்கம் கரகரவென்றது. அதற்கும் புதுசு. பின்சக்கரத்து பேரிங் பால்ஸ் முழுக்க மாற்றச் சொன்னேன். ஃபிக்ஸ் வீலில் காலைப் பின்னுக்கு அழுத்தினால் பல்சக்கரம் மரையிலிருந்து கழன்றுவந்துவிடும் என்று பாய் சொன்னார். அதற்காக ஒரு பழைய சைக்கிளின் பெடல் அச்சிலிருந்து இறுக்கு வளையம் ஒன்றைக் கழற்றி, அதே மரையில் பூட்டிக் காட்டினார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பல்சக்கரம் எடுக்கும்போதுதான் எனக்கும் பாய்க்கும் முட்டிக்கொண்டது. டின்னில் பதினாறு பல் உள்ளதும் இருந்தது, பதினெட்டும் இருந்தது. முன்னால் பெடல் பக்கத்துச் சக்கரத்தில் நாற்பத்தெட்டு பல். நான் சாக்பீஸ் வாங்கிக் கடை வாசலில் உட்கார்ந்து வகுத்தல் போட்டேன்.

"பதினெட்டு எடுத்துக்கோ பாப்பா" என்றார் பாய். "பதினாறு காத்து இல்லாத நாள்ல, சம ரோட்ல ஓடும். தை மாசத்துக் காத்து ஒரகடத்துப் பக்கத்துலேர்ந்து மூஞ்சில அடிக்கும். வழியில ஏரிக்கரை மேடு வேற கீது. முட்டி கழண்டுரும்."

"நாப்பத்தெட்ட பதினெட்டால வகுத்தா மீதி வருது பாய்" என்றேன். "பதினாறால வகுத்தா மீதியே இல்ல. ஒரு மிதிக்கு மூணு சுத்து, முழுசா."

"மீதி வந்தா இன்னா இப்போ?"

"ஒவ்வொரு மிதிக்கும் மீதி வந்தா அது எங்க போவும்? வேஸ்ட்டுதானே?"

பாய் டின்னைக் கீழே வைத்தார். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையில் இருந்த கணக்கை ரொம்ப நேரம் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அப்புறம் அவர், "பாப்பா போட்டா சரியாத்தான் இருக்கும். பதினாறே போடுங்க பாய்" என்றார். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு நானே ஒருமுறை எண்ணினேன். பதினாறு.

எடை குறையவேண்டும் என்று மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். முன் பிரேக்கையாவது விட்டுவைக்கலாம் என்று பாய் கெஞ்சினார். ஃபிக்ஸ் வீலுக்கு எதற்கு பிரேக், காலை நிறுத்தினால் வண்டி நிற்கப்போகிறது என்று சொல்லி அதையும் கழற்றவைத்தேன். கழற்றியதை எல்லாம் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நான் பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் மட்கார்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். அவரோடு சண்டை போட்டேன், ஆனால் ஜெயிக்கவில்லை.

மாமா சைக்கிளிலேயே வந்தார். நான் வந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்துசேர்ந்தார். மாட்டுக்கொட்டகைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார்.

"எப்டி மாமா கீது?"

"பறக்குது பாப்பா" என்றார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஏரிக்கரைப் பக்கம் பழகப் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஒருநாள் சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தார். டயரில் காற்று குறைந்திருக்கிறது என்றார். நான் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அம்மா அவர் முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டே, "இந்த ரேஸு மயிரெல்லாம் வேணாம்டா, வேற எதுனா வழி பாக்கலாம்" என்று திட்டினாள். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் என் நோட்டில் கணக்குப் போட்டு, மீன்காரரை அவர் கால் மணி நேர வித்தியாசத்தில் முந்துவார் என்று அறிவித்தேன்.

பொங்கலன்று மத்தியானம் சாப்பிட்டதும் மாமா சைக்கிளோடு தனியாக வாலாஜாபாத் போய்விட்டு வந்தார். அன்று அங்கே திறந்திருக்கிற ஒரே சைக்கிள் கடை பாய் கடைதான். காற்றடிக்கப் போனேன் என்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. அம்மா கொடுத்த பொங்கலை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காணும் பொங்கலன்று நாங்கள் ஒரகடம் கூட்டுரோட்டில் காலையிலேயே போய் இடம் பிடித்துவிட்டோம். மேடை, மைக்செட், குறுக்கே கட்டிய சிவப்பு ரிப்பன். மேடைமேல் மாலை போட்ட புது சைக்கிள். அதற்கு இன்னும் பேப்பர்கூடப் பிரிக்கவில்லை. ரோட்டோரத்தில் கரும்புக் கட்டுகள் அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். காற்று சும்மா விளையாடவில்லை. தோரணம் முழுக்க வாலாஜாபாத் பக்கமாகவே படபடத்தது. தன் சைக்கிள் எந்தக் கதியில் வருகிறது என்று பார்க்கத்தான் வந்ததாக அப்பா சொன்னார். ஆனால் அவர்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

முதலில் தெரிந்தது மீன்காரர். அவருக்குப் பின்னால் தென்னைமர உயர தூரத்தில் மாமா. மீன்காரர் நாலு மிதி மிதிப்பார், எதிர்க்காற்றில் குனிந்தபடி ஒரு நொடி காலை ஆறப் போடுவார். அவர் கால் நிற்கிற ஒவ்வொரு தடவையும் மாமா கொஞ்சம் கிட்டே வந்தார். மாமாவின் கால் நிற்கவே இல்லை. மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை, ஒரே மாதிரி சுற்றிக்கொண்டே வந்தது. ரிப்பனுக்கு நாலு வீட்டுத் தூரம் இருக்கும்போது மீன்காரர் மிதிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் மாமா அவரைத் தாண்டிவிட்டார்.

ரிப்பனைத் தாண்டி, மேடையைத் தாண்டி, போய்க்கொண்டே இருந்தார். நிறுத்த பிரேக் இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் பழக்கதோஷமாகக் காலை நிறுத்தப் பார்த்திருக்கிறார். பெடல் அவரைத் தூக்கி எறிந்தது. சைக்கிள் ஒருபக்கம், மாமா கரும்புக் கட்டுமேல். அப்பா ஓடினார். நான் கவனித்தேன், அவர் தன் சைக்கிளைத் தாண்டிப்போய் மாமாவைத்தான் தூக்கினார்.

முழங்கையில் ரத்தத்தோடு மாமா மேடை ஏறினார். மில்காரர் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு மைக்கை நீட்டினார். மாமா என்னைக் கையைக் காட்டி, "எங்க அக்கா பொண்ணு போட்ட கணக்குங்க. பதினாறு பல்லு" என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் வெட்கப்படவெல்லாம் இல்லை, நன்றாகத் தெரியட்டும் என்று அம்மாவின் பக்கத்திலிருந்து ஒரு அடி முன்னால் வந்து நின்றேன். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "அது இன்னா கணக்கு, சொல்லு" என்று கேட்டார். என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி என்று அதைத்தான் சொல்வேன். மீதி வராமல் வகுப்பதைப் பற்றி ஊர் எல்லைவரை விளக்கினேன். அவர் எங்கும் எழுந்து போகவில்லை, நடந்துகொண்டிருந்ததால் போகவும் முடியாது. ஆனால் முழுக்கக் கேட்டார். மறுவாரம் எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் சைக்கிளைப் பழையபடி ஆக்க பாய் கடைக்குப் போனோம். மாமா அதை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் மட்கார்டு மூட்டையோடு பஸ்ஸில் போனேன். அதே கண்டக்டர். இந்த முறை பேசாமல் டிக்கெட் வாங்கினேன். ஜெயித்தவர்களுக்கு அந்தக் கௌரவம் வேண்டும்.

பாய் பல்சக்கரத்தைக் கழற்றியதும் அதை எனக்கு ஞாபகமாகக் கேட்டேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து என் கையில் வைத்தார். எண்ணத் தேவையே இல்லை, ஆசைக்குத்தான் எண்ணினேன். பதினெட்டு. சாக்பீஸால் கோடு போட்டு மறுபடி எண்ணினேன். பதினெட்டு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பாய், நான் எண்ணிப் பாத்துக் குடுத்தது பதினாறு. நீங்க பதினெட்டப் போட்டு ஏமாத்திட்டீங்க" என்றேன். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள்.

பாய் மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்து ஃப்ரீவீலைத் திருகிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"ஆமா பாப்பா. டின்னுலேர்ந்து எடுக்கும்போது கை மாறிப் போச்சு."

"எங்க மாமா தோத்திருந்தா? வேலை போயிருந்தா? யாரு பதில் சொல்றது?"

"நான்தான் சொல்லணும். என் தப்புதான்" என்றார்.

பதினொன்றாம் வகுப்பில் விசை பற்றிய பாடம் நடந்த ஒருநாள், பாதிப் பாடத்தில் எனக்கு முகம் சுட்டது. பக்கத்தில் இருந்தவள் ஜுரமா என்று கேட்டாள். பின்பக்கம் பல் குறைந்தால் ஒரு மிதிக்குத் தூரம் கூடும், ஆனால் காலுக்குப் பளுவும் கூடும். பதினாறு பல்லை வைத்துக்கொண்டு அந்தக் காற்றில், அந்த ஏரிக்கரை மேட்டில் யாராலும் ரேஸ் வேகத்தில் ஏறியிருக்க முடியாது. மாமா மூன்று நாள் பார்த்துவிட்டு, பொங்கலன்று தனியாகப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வேலை போகிற விஷயத்தில் என் கணக்கை நம்ப முடியாது, என்னிடம் அதைச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. மேடையில் மைக்கைப் பிடித்துப் பதினாறு என்று சொன்னபோது தெரிந்தேதான் சொன்னார். அப்பா என்னைக் கேள்வி கேட்டது அந்தப் பொய்யால்தான். பாயோ, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஒரு வகுத்தலுக்காகத் தன் கடையில், தன் வாடிக்கைக்காரர்கள் முன்னால் ஏமாற்றுக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது. பதினாறு போட்டிருந்தால் மாமா இன்னும் எவ்வளவு சீக்கிரம் வந்திருப்பார் என்று தரையில் கணக்குப் போட்டு பாய்க்குக் காட்டினேன். அவர் தலையாட்டினார். இவ்வளவு பெரிய தப்புச் செய்த மனிதருக்கு மாமா டீ வாங்கிக் கொடுத்ததும், இருவரும் டம்ளரைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதும் எனக்கு அடியோடு பிடிக்கவில்லை. இருந்தாலும் எப்படியோ ஜெயித்தாகிவிட்டது. போனால் போகிறது என்று பாயை மன்னித்துவிட்டேன். அதை அவரிடமே சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.